லைசென்ஸ் போன பிறகும் ஓடும் வண்டிகள்

விபத்து இழப்பீட்டு வழக்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்து, "ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து ஒரு சாட்சியை விசாரிக்க வேண்டும்" என்று மனு போட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அடுத்த வாய்தாவில் கையில் ஃபைலோடு ஒரு கிளார்க் வருவார். கூண்டில் ஏறிப் பிரமாணம் எடுப்பார். டிரைவரின் லைசென்ஸ் எண்ணைச் சொல்லி, அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை சஸ்பெண்ட் ஆகியிருந்தது என்று பதிவேட்டைப் பார்த்துப் படிப்பார். விபத்து நடந்த நாள் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே விழும். குறுக்கு விசாரணையில் நான் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. சில நிமிஷத்தில் முடிந்துபோகும் அந்தச் சாட்சியத்தால் ஒரு வண்டிக்காரரின் வீடும் வண்டியும் ஏலத்துக்கு வரலாம்.

திண்டுக்கல் பக்கம் விபத்து வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். பெரும்பாலும் அடிபட்டவர்களுக்காகவும் இறந்தவர் குடும்பத்துக்காகவும் ஆஜராகிறேன். சில சமயம் வண்டி ஓனருக்காக. இந்த மாதிரிச் சாட்சியம் வரும் நாளில் கோர்ட் வராந்தாவில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தும் இந்த ஆள் எதற்கு வண்டியை எடுத்தான்? கேட்பவர்களே பதிலும் வைத்திருப்பார்கள். "திமிர் சார், வேறென்ன?"

திமிர் பிடித்தவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேசியவர்களில் பெரும்பாலோர் அந்த ரகம் இல்லை. பயந்தவர்கள். பயந்துகொண்டே தினமும் வண்டியை எடுத்தவர்கள். அவர்களைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று எனக்குப் பல நாளாக எண்ணம்.

லைசென்ஸ் எப்படிப் போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 19ஆவது பிரிவு, லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்கே அதை நிறுத்திவைக்கவும் அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரம் ரொம்ப காலம் ஏட்டில்தான் கிடந்தது. அது உயிர்பெற்றதற்குப் பின்னால் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துச் சாவுகளைத் தடுக்க வேண்டும் என்று 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார். அந்த வழக்கில் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. 2015 ஆகஸ்டில் அந்தக் கமிட்டி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு அனுப்பியது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, அதிக பாரம் ஏற்றுவது, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, செல்போன் பேசிக்கொண்டு ஓட்டுவது ஆகிய ஆறுக்கும் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை சஸ்பெண்ட் செய்ய வேண்டும் என்பது அதில் உள்ள உத்தரவு. 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது ஹெல்மெட் போடாததும், பைக்கில் மூன்று பேர் போவதும்கூட மூன்று மாதத் தகுதியிழப்புக்குரிய குற்றங்களாகிவிட்டன.

டாக்டர் ராஜசேகரன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆபரேஷன் தியேட்டரில் நாள்தோறும் உடைந்த எலும்பைப் பார்த்தவர் போட்ட வழக்கு அது. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 17,884 பேர். இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு யாரும் சும்மா இருக்க முடியாது. லைசென்ஸைப் பறிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. பறித்த பிறகு அந்த ஆள் என்ன செய்கிறார் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் ஆதங்கம் அதுதான்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டும் ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். கேரளத்துக்குப் போகும் காய்கறி லாரிகளுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து தக்காளி, முருங்கை, கத்திரி கொண்டுவந்து மண்டியில் இறக்குவது அவர் வேலை. ஒரு நாள் சொந்தக்காரர் ஒருவர் செத்துப்போனார். ஊர்ச் சனம் கேதத்துக்குப் போக வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. வேன் பிடிக்கக் காசும் இல்லை. அண்ணனின் வண்டி இருந்தது, இருபது பேர் ஏறினார்கள். நாலு ரோட்டில் போலீஸ் நிறுத்தியது. லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஏண்ணே, சரக்கு வண்டியில ஆள் ஏத்துனா லைசென்ஸ் போகும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும் சார். கேதத்துக்கு வண்டி தர மாட்டேன்னு சொன்னா, நாளைக்கு என் வீட்டுக் கேதத்துக்கு எவன் வருவான்?"

அவர் செய்தது ஆபத்தான காரியம். சரக்கு வண்டி கவிழ்ந்து ஒரே தெருவில் நாலைந்து வீட்டில் எழவு விழுந்த வழக்குகளை நான் நடத்தியிருக்கிறேன். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அந்தக் குடும்பங்களுக்குக் கம்பெனியிடமிருந்து பணம் வாங்கித் தருவது குதிரைக்கொம்பு. ஆகவே அவரைத் தண்டித்தது சரி. அடுத்து நடந்ததைக் கேளுங்கள்.

தபாலில் நோட்டீஸ் வந்தது. வீட்டில் அக்காதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். அண்ணன் ஆபீஸுக்குப் போய் நின்றார், தப்பு நடந்துபோச்சு என்று ஒப்புக்கொண்டார். மூன்று மாதம் சஸ்பெண்ட் என்று ஆர்டர் வந்தது. "அன்னைக்கு ராத்திரி தூங்கலை சார். வண்டி டியூ பத்தாம் தேதி. பையன் காலேஜ் ஃபீஸ் பாக்கி. ஆக்டிங் டிரைவர் போடலாம்னு பார்த்தா ஒரு நாளைக்கு ஆயிரம் கேக்குறான், சாப்பாடு தனி. டீசல் போக எனக்கு நிக்கிறதே அவ்வளவுதான். மூணு மாசம் வண்டிய நிறுத்தினா, அதுக்கப்புறம் வண்டி எனக்கில்ல, பைனான்ஸ்காரனுக்கு."

மறுநாள் விடிவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்.

முன்பு பைபாஸில் போய்க்கொண்டிருந்தவர் இப்போது செக்கிங் இருக்காது என்று ஊர்களுக்குள் புகுந்து போனார். விளக்கில்லாத ஒற்றை ரோடு. முன்னால் பின்விளக்கு எரியாத டிராக்டர் போகும், வாய்க்கால் ஓரம் மாடு படுத்திருக்கும். பகலில் ஓட்டிய நடையையெல்லாம் ராத்திரிக்கு மாற்றிக்கொண்டார். அவரைப் பாதுகாப்பான டிரைவர் ஆக்கத்தான் அந்தத் தண்டனை. ஆனால் அது அவரை நல்ல ரோட்டிலிருந்து கெட்ட ரோட்டுக்கும், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கும் தள்ளிவிட்டது. எந்தப் புள்ளிவிவரத்திலும் இது ஏறாது.

அதே சமயம் அந்த மூன்று மாதத்தைப் போல அவர் வாழ்நாளில் நிதானமாக வண்டி ஓட்டியதில்லையாம். "முன்னாடி எண்பதுல போவேன். இப்ப நாப்பதைத் தாண்டுறதில்ல. பெல்ட்டு போடாம சாவியைத் திருப்புறதில்ல. போன் அடிச்சா எடுக்குறதேயில்ல." இது அவர் ஒருவருடைய கதை மட்டும் இல்லை. லைசென்ஸ் இழந்தவர்கள் தொடர்ந்து ஓட்டினாலும் குறைவாகவும் கவனமாகவும் ஓட்டுகிறார்கள் என்று வெளிநாடுகளில் நடந்த ஆய்வுகளும் சொல்கின்றன. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் சஸ்பென்ஷன் வேலை செய்கிறது என்றே சொல்லிவிடலாம்.

நான் இன்னொரு கேள்வியும் கேட்டேன். "அண்ணே, அந்த மூணு மாசத்துல யார் மேலயாவது மோதியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

உடனே பதில் வரவில்லை. மண்டி வாசலில் நசுங்கிக் கிடந்த தக்காளியைக் காலால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார். "நின்னிருக்க மாட்டேன் சார்."

நல்ல மனுஷர் அவர். மார்க்கெட்டில் யாருக்கு அடிபட்டாலும் முதலில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை. லைசென்ஸ் உள்ளவன் விபத்து நடந்தால் நிற்பதற்கு ஒரு காரணமாவது இருக்கிறது. இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும், ஜாமீன் கிடைக்கும், வழக்கு நடக்கும். லைசென்ஸ் இல்லாதவனுக்கு நின்றால் எல்லாம் போச்சு. அதனால் ஓடுகிறான். அமெரிக்க ஆய்வுகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவர்கள் விபத்து நடந்த இடத்தில் நிற்காமல் தப்பிப்போவது மற்றவர்களைவிட ரொம்ப அதிகம்.

ஓடிவிட்டால் ரோட்டில் கிடப்பவருக்கு என்ன ஆகிறது? ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதமாகிறது, அது முதல் இழப்பு. வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் தீர்ப்பாயத்தில் யார் மேல் வழக்கு போடுவது? அப்போது மிஞ்சுவது, அடித்துவிட்டு ஓடிய வழக்குகளுக்கென்று அரசு வைத்திருக்கும் நிதி மட்டும்தான். 2022 ஏப்ரலிலிருந்து அதில் உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம். சம்பாதிக்கிற வயதில் ஒருவர் இறந்து, வண்டியும் தெரிந்து, இன்ஷூரன்ஸும் இருந்தால் குடும்பத்துக்கு இதைப்போல் பல மடங்கு கிடைக்க வழியுண்டு. டிரைவர் நின்றாரா ஓடினாரா என்பதில் ஒரு விதவையின் மிச்ச வாழ்க்கை அடங்கியிருக்கிறது.

ஓடுவதைத் தடுக்கத் தண்டனையைக் கூட்டினால் போதும் என்று டெல்லியில் நினைத்தார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவில் பத்து வருஷம் வரை சிறை என்று எழுதினார்கள். 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்திப் போராடினார்கள். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று மற்ற பிரிவுகள் எல்லாம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒரு பிரிவை மட்டும் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

ஓடாமல் நின்றவர்களின் கதை வேறு மாதிரி. நான் முதலில் சொன்ன கிளார்க் சாட்சியம் அவர்களுக்குத்தான் நடக்கிறது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தாலும் அடிபட்டவரைக் கைவிடக் கூடாது என்று 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓனர் தெரிந்தே அந்த ஆளிடம் வண்டியைக் கொடுத்தார் என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் முதலில் அடிபட்டவருக்குப் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு ஓனரிடமிருந்து வசூலித்துக்கொள்ளச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். கட்டி வசூலிப்பது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அடிபட்டவர் பக்கம் நிற்கும்போது நான் இந்தத் தீர்ப்பைக் கும்பிடுகிறேன். ஓனர் பக்கம் நிற்கும்போது, வசூலிக்கும் மனு வரும் நாளில், என் கட்சிக்காரர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. ஓனரும் டிரைவரும் ஒரே ஆளாக இருக்கும் குட்டி யானைக்காரர்கள் விஷயத்தில், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

சரி, இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் ஓட்டுகிறார்கள்? வயிற்றுப்பாடு ஒரு காரணம் என்று அண்ணன் கதையே சொல்லிவிட்டது. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பற்றி நாம் யாரும் பேசுவதில்லை.

நம் ஊரில் வண்டி ஓட்டுவது முதலில் வருகிறது. லைசென்ஸ் பிறகுதான். கிராமத்துப் பையன் எட்டாவது ஒன்பதாவது படிக்கும்போதே மாமாவின் டிவிஎஸ்ஸில் தோட்டத்துக்குப் பால் கேன் கொண்டுபோவான். வீட்டில் யாரும் தடுப்பதில்லை. தடுப்பதற்கு மாறாக, "எம் பையன் வண்டி ஓட்டுறான்" என்று பெருமைதான். பிள்ளைகள் ஓட்டினால் வண்டி கொடுத்த பெற்றோருக்கு 25 ஆயிரம் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து என்று 2019இலிருந்து சட்டம் இருக்கிறது. அந்தத் தோட்டத்துப் பாதையில் அந்தச் சட்டத்தை எவரும் பார்த்ததில்லை. நாலைந்து வருஷம் நன்றாக ஓட்டிப் பழகிய பிறகு, டவுனுக்குப் போனால் போலீஸ் பிடிக்கிறார்கள் என்பதற்காக, டிரைவிங் ஸ்கூல் மூலம் எட்டுப் போட்டு லைசென்ஸ் எடுக்கிறான். அவன் மனதில் அது வண்டி ஓட்டத் தரப்பட்ட அனுமதி இல்லை, போலீஸிடம் காட்டுவதற்கு ஒரு அட்டை. அந்த அட்டை போய்விட்டது என்றால், போலீஸ் இல்லாத இடத்தில் அவனுக்கு எதுவுமே குறையவில்லை.

2017இல் அசல் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தபோது எவ்வளவு கொந்தளிப்பு எழுந்தது என்று ஞாபகம் இருக்கும். தொலைந்துபோனால் மறுபடி எடுக்க எவ்வளவு அலைச்சல் என்றுதான் எல்லோரும் பேசினார்கள், அதில் நியாயமும் இருந்தது. பிற்பாடு டிஜிலாக்கரில் இருந்தாலே போதும் என்று மத்திய விதிகள் மாறிவிட்டன. ஆனால் அந்த நாட்களில் ஜெராக்ஸை லேமினேட் செய்து வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களில் சிலருடைய அசல் லைசென்ஸ் ஏதோ ஓர் ஆபீஸ் பீரோவில் இருந்தது. சஸ்பெண்ட் ஆன லைசென்ஸின் ஜெராக்ஸைப் பார்த்தால் அது சஸ்பெண்ட் ஆனது என்று தெரியாது. கையில் இருக்கும் மெஷினில் எண்ணைப் போட்டு 'சாரதி' பதிவில் பார்த்தால்தான் தெரியும். ராத்திரி ஒரு மணிக்கு நாற்பது வண்டி வரிசையில் நிற்கும்போது எந்த ஏட்டையாவால் ஒவ்வொன்றாகப் பார்க்க முடியும்?

மாட்டினால் தண்டனை கடுமைதான். தகுதியிழந்த காலத்தில் ஓட்டினால் 182ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 10 ஆயிரம் அபராதம், இரண்டும்கூட. 2019க்கு முன்னால் அந்த அபராதம் வெறும் 500 ரூபாய். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டி கொடுத்த ஓனருக்கு 5 ஆயிரம். தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. இருபது மடங்கு ஏற்றியும் வண்டிகள் ஓடத்தான் செய்கின்றன. மாட்டினால் பத்தாயிரம் போகும், ஓட்டாவிட்டால் மூன்று மாத வருமானம் போகும். மாட்டுவது எப்போதோ ஒரு நாள், டியூ மாதா மாதம். கணக்குத் தெரிந்தவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் 2016 ஏப்ரலில் ஒரு ஷெரீஃப் உதவியாளர் பழைய ஷெவ்ரலே பிக்கப் வண்டி ஒன்றின் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினார். அதன் ஓனரின் லைசென்ஸ் ரத்தாகியிருப்பதாகத் திரை காட்டியது. ஓட்டுவது யார் என்று அவர் பார்க்கவில்லை. ஓனர்தான் ஓட்டுவார் என்ற யூகத்தில் நிறுத்தினார், ஓனரேதான் ஸ்டியரிங்கில் இருந்தார். அப்படி யூகித்து நிறுத்துவது சரியா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. கான்சஸ் எதிர் க்ளோவர் என்ற அந்த வழக்கில் 2020 ஏப்ரலில் எட்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு, நிறுத்தியது சரி என்று. தீர்ப்பை எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், 2003இல் வந்த ஓர் ஆய்வறிக்கையைச் சுட்டினார். லைசென்ஸ் இழந்தவர்களில் 75 சதவீதம் பேர் தொடர்ந்து ஓட்டுகிறார்கள் என்று அதில் இருந்தது. லைசென்ஸ் போனவன் ஓட்டிக்கொண்டுதான் இருப்பான் என்பதை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே சாதாரண அறிவாக எடுத்துக்கொண்டுவிட்டது. தீர்ப்போடு ஒத்துப்போன நீதிபதி எலினா கேகன் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். லைசென்ஸ் பறிபோனதற்குக் காரணம் மோசமான ஓட்டமா, அபராதம் கட்ட வழியில்லாததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். எனக்குத் தீர்ப்பைவிட அந்தக் குறிப்புதான் மனதில் நின்றது.

ஏனென்றால் அமெரிக்காவில் நிறையப் பேர் லைசென்ஸ் இழந்தது தாறுமாறாக ஓட்டியதால் இல்லை, கடன்பட்டதால். டெக்சாஸில் 2003இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். போக்குவரத்துக் குற்றத்துக்கு கோர்ட் அபராதம் கட்டியது போதாது, அதற்கு மேல் வருஷா வருஷம் தனிக் கட்டணம். கட்டாவிட்டால் லைசென்ஸ் கட். கட்ட வழியில்லாதவன் வேலைக்குப் போக வண்டி எடுப்பான், மாட்டுவான், இன்னொரு கட்டணம் ஏறும். சேற்றில் சிக்கிய சக்கரம் போல. மக்கள் பட்ட பாட்டைப் பார்த்து 2019இல் அந்தத் திட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அபராதம் கட்டாததற்காக லைசென்ஸைப் பறிப்பதைக் கலிஃபோர்னியா 2017இலும் வர்ஜீனியா 2020இலும் நிறுத்தின.

அதற்கும் முன்னால் 1971இல் பெல் எதிர் பர்சன் என்று ஒரு வழக்கு. ஜார்ஜியா மாநிலத்தில் மூன்று கிராமப்புறங்களுக்குக் காரில் போய் ஊழியம் செய்துவந்த பாதிரியார் ஒருவர். அவர் காரில் ஐந்து வயதுச் சிறுமி சைக்கிளில் வந்து மோதிவிட்டாள். அவரிடம் இன்ஷூரன்ஸ் இல்லை. தவறு யார் மேல் என்று கேட்காமலே அவர் லைசென்ஸை நிறுத்த அந்த மாநிலச் சட்டம் வழி செய்தது. லைசென்ஸ் ஒருவர் கைக்கு வந்த பிறகு அது அவர் பிழைப்புக்கே ஆதாரமாகிவிடலாம், முறையாக விசாரிக்காமல் அதை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த ஒரு வரி நம் 19ஆவது பிரிவிலும் இருக்கிறது. லைசென்ஸ் வைத்திருப்பவரின் தரப்பைக் கேட்ட பிறகுதான் உத்தரவு போட வேண்டும், 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். ஆனால் என்னிடம் வந்தவர்களில் அப்பீல் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்கள்தான் அதிகம். அவர்கள் வருவதே விபத்து நடந்து சம்மன் வந்த பிறகு.

குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸ் இழந்தவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம், முதல் தடவை 10 ஆயிரம், மறுபடி என்றால் 15 ஆயிரம் அல்லது இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டும்கூட. குடி நோயாகிவிட்டவனுக்கு இது எதுவும் உறைக்காது. சாயங்காலம் கடை திறந்திருக்கிறது, பைக் வாசலில் நிற்கிறது, லைசென்ஸைப் பற்றி அவன் நினைப்பானா? இவர்களுக்கு அட்டையைப் பறிப்பது போதவே போதாது. வண்டியை நிறுத்த வேண்டும். அமெரிக்காவில் வண்டியிலேயே ஒரு கருவி பொருத்துகிறார்கள். ஊதிக் காட்டி, குடிக்கவில்லை என்று தெரிந்தால்தான் இன்ஜின் உயிர்பெறும். அதோடு சிகிச்சையும் வேண்டும். குடித்தவன் அடித்துக் கொன்ற பிள்ளைகளின் வழக்குக் கட்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன. இந்த விஷயத்தில் எனக்கு இரக்கம் சுரக்கவில்லை.

சாகசம் காட்டும் பையன்களும் அப்படித்தான். 2023இல் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த ஒரு யூடியூபரின் லைசென்ஸைப் பத்து ஆண்டுகளுக்கு ரத்து செய்தார்கள். அது சரியான முடிவு.

ஆக, குடித்தவன், சாகசக்காரன், கேதத்துக்கு ஆள் ஏற்றியவன், ஹெல்மெட் மறந்தவன் எல்லோருக்கும் ஒரே மூன்று மாதம் என்று தொடங்குவதுதான் கோளாறு. முதல் தடவை மாட்டிய பிழைப்பு டிரைவருக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள். திருப்பித் தருமுன் புத்தாக்கப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று 2019 திருத்தத்திலேயே இருக்கிறது, அதை முன்னால் கொண்டுவாருங்கள். அபராதத்தைத் தவணையில் வாங்குங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வேலைக்குப் போய்வர மட்டும் கட்டுப்பாட்டோடு ஒரு லைசென்ஸ் தருகிறார்கள், அதைப் போல பகலில், குறிப்பிட்ட வழியில், குறிப்பிட்ட வண்டியை மட்டும் ஓட்ட அனுமதி தரலாம். அண்ணனுக்கு அப்படி ஒரு அனுமதி இருந்திருந்தால் அவர் இருட்டு ரோட்டுக்குப் போயிருக்க மாட்டார். யாரையாவது இடித்திருந்தாலும் நின்றிருப்பார். சஸ்பென்ஷன் ஆர்டர் போட்ட அன்றே வண்டி ஓனருக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் செல்போனில் செய்தி போக வேண்டும். எல்லாப் பதிவும் கம்ப்யூட்டரில் இருக்கும் காலத்தில் இது பெரிய வேலையே இல்லை. மீறி ஓட்டினால், இரண்டாவது தடவை செய்தால், அப்போது கடுமையாக இருங்கள். நானே கைதட்டுவேன்.

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது, எப்போது செய்வார்களோ. நம் கையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

லைசென்ஸ் விஷயமாக நோட்டீஸ் வந்தால் அதை ஒளித்துவைக்காதீர்கள். விசாரணை நாளில் நேரில் போய், டியூ ரசீதையும் குடும்ப நிலையையும் எழுத்தில் கொடுங்கள். ஆர்டர் வந்துவிட்டால் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் போடுங்கள். அந்தக் காலத்தில் வண்டிக்கு வேறு டிரைவர் கிடைக்குமா என்று சொந்தக்காரர்களிடமும் பக்கத்து ஸ்டாண்டிலும் வெட்கப்படாமல் கேளுங்கள். பாதி லாபம் போனாலும் வண்டி மிஞ்சும். மீறி எடுத்து விபத்து நடந்தே விட்டால், தயவுசெய்து நில்லுங்கள். 108க்கு போன் போடுங்கள். வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வண்டி வைத்துச் சம்பளத்துக்கு டிரைவர் போட்டிருப்பவர்கள் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். பரிவாஹன் இணையதளத்தில் டிரைவரின் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் லைசென்ஸின் நிலவரம் வந்துவிடும், பைசா செலவில்லை. மாதம் ஒரு தடவை பாருங்கள். சஸ்பெண்ட் என்று காட்டினால் அவரை வேலையை விட்டுத் துரத்தாதீர்கள். அந்த மூன்று மாதம் லோடு ஏற்றவோ கணக்கு எழுதவோ மண்டியில் ஒரு வேலை கொடுத்து, ஸ்டியரிங்கில் வேறு ஆளை உட்காரவையுங்கள்.